பச்சை டிக் போடுகிற வேலை

அடுத்தவர் எழுதிய நிரலைப் படித்துப் பார்த்து, பிழை இருந்தால் சொல்லி, இல்லாவிட்டால் பச்சை டிக் போடுவது என் தொழில். பிழையைக் கண்டுபிடித்தால் எழுதியவருக்கு என் மேல் கோபம், கண்டுபிடிக்காவிட்டால் மற்ற எல்லோருக்கும் கோபம். விடைத்தாள் திருத்துகிறவர்கள், அச்சுக்குப் போகும் முன் கல்யாணப் பத்திரிகையில் பெயர்களைச் சரிபார்க்கிறவர்கள், பந்திக்கு முன் சாம்பாரில் உப்பு பார்க்கிறவர்கள் எல்லோரும் என் இனம்தான். உங்களிடம் சொன்னால் புரியும் என்பதால் சொல்கிறேன். பெங்களூர் நிறுவனம் ஒன்றில் பதினான்கு வருடமாக இந்த வேலை எனக்கு. கடைசி ஐந்து வருடம் கடத்தூரில் வீட்டிலிருந்தபடியே. கீழே வருவதெல்லாம் ஒன்பதே நாளில், ஏழே ஏழு வரி நிரலால் நடந்தது.

குடும்பப் பதிவேடு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பாதிரியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் கோயில் வாசலில் மேசை போட்டு, எங்கள் சர்ச் பங்கின் குடும்பப் பதிவேட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். பெயர், ஞானஸ்நானப் பெயர் எல்லாம் சுலபமாக முடிந்தன. தொழில் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பூட்லோடர் நிரலைச் சரிபார்க்கிறேன் என்று சொன்னேன். அது என்ன என்று கேட்டார்.

பின்னால் ஒன்பது குடும்பம் வரிசையில் நின்றது. இருந்தாலும் விளக்கினேன். பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் முழுதாக எழுந்துவிடாது. முதலில் ஒரு சின்ன நிரல் விழித்துக்கொண்டு, டிஸ்க் எங்கே என்று தேடிப் பிடித்து, அதற்குள் இருக்கும் பெரிய மென்பொருளை எழுப்பிவிடும். அந்தச் சின்ன நிரலுக்குத்தான் பூட்லோடர் என்று பெயர். அதை எழுதுகிறவர்கள் வேறு, அவர்கள் எழுதியது சரியா என்று பார்ப்பது நான். அவர் எனக்குப் பின்னால் நின்ற வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுதத் தொடங்கினார்.

"எழுப்பிவுடறதுக்கு ஒரு ஆளு, அந்த ஆளு சரியா எழுப்பறானான்னு பாக்கறதுக்கு இன்னொரு ஆளா? வூட்ல இருக்கறாங்கன்னே எழுதிக்கிறேன்மா, அதான் எல்லாத்துக்கும் புரியும்."

சித்தேரி போன வேன்

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறார். ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லாத ஊர்களுக்கு வேன் அனுப்பி, ரத்தம் எடுத்துவந்து சோதித்துச் சொல்வார்கள். வேனுக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். வருகிறவரின் பெயரைப் பதிந்து, ரத்தக் குழாயில் ஒட்ட ஒரு சீட்டு அடித்துக் கொடுக்கும். சீட்டு வராமல் ஊசியை எடுக்கக்கூடாது என்பது அவர்கள் விதி. ஒருமுறை கையால் பெயர் எழுதி இரண்டு குழாய் மாறிப்போய், சர்க்கரையே இல்லாத ஒருவர் ஒரு மாதம் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். அதிலிருந்து இந்த விதி.

மலைப்பாதைக் குலுக்கலில் ஹார்ட் டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகச் செத்ததால், வேன் கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கே வைக்காமல் செய்து கொடுத்தோம். முழு மென்பொருளும் ஒரே கோப்பாக ஒரு சிப்பில் இருக்கும். பூட்லோடர் அந்தக் கோப்பை மெமரியில் ஏற்றி, இதுதான் டிஸ்க் என்று கம்ப்யூட்டரை நம்பவைக்கும். இல்லாததை இருப்பதாகக் காட்டுவதால் அதற்கு வர்ச்சுவல் டிஸ்க் என்று பெயர். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் புது வசதிகள் சேர்த்ததில் கோப்பு நான்கு ஜிபியைத் தாண்டியது. அன்றிலிருந்து ஒரு வேனிலும் திரை வரவில்லை. இரண்டு முறை திருத்தி அனுப்பினோம், இரண்டு முறையும் கறுப்புத் திரைதான்.

திங்கட்கிழமை காலை சித்தேரி மலையிலிருந்து போன் வந்தது. இரண்டாவது திருத்தத்தை நம்பி மலையேறிய வேனில் ரத்தம் எடுக்கிற செல்வி, சிக்னல் கிடைக்கிற வளைவு வரை நடந்துவந்து உதவி எண்ணுக்கு அடித்திருக்கிறார். அது நாலு பேர் கை மாறி என் காதுக்கு வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகிவிடும் என்று, எனக்குப் பழக்கமான குரலில் சொன்னேன்.

"நாப்பது பேரு வெறும் வயித்தோட வந்து ஒக்காந்திருக்காங்க மேடம். வெள்ளிக்கெழம வரைக்கும் இவங்க சாப்புடாம இருக்க முடியுங்களா?"

ஒரே ஊர்க்காரர்கள்

வர்ச்சுவல் டிஸ்க் பகுதியை எழுதியவர் முனிராஜ். மொரப்பூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், குழப்பம் வந்தால் இரண்டும். மாதம் ஒருமுறை அலுவலகம் போகும்போது மொரப்பூரில் இருந்து ஒரே ரயிலில் போவோம். என்னை அக்கா என்பார், ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுப்பார். நல்ல வேலைக்காரர். ஆனால் தன் நிரலில் பிழை என்றால் முகம் சுருங்கிப்போகும்.

இரண்டு திருத்தமும் பொய்த்ததும் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்றாவதும் வேலை செய்யாவிட்டால் அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. வேலையோடு நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடும் போய்விடும். அவர் அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை தர்மபுரியில் டயாலிசிஸ். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பெங்களூரில் எங்கள் இருவருக்கும் மேலாளரான சுதா மேடம் சொன்னார். மூன்றாவது திருத்தம், அந்த ஏழு வரி, என் மேசைக்கு வந்த அரை மணி நேரத்தில் கூப்பிட்டு, கடிதத்தின் விஷயத்தைச் சொல்லி, டிக் எப்போது விழும் என்று கேட்டார். நான் இன்னும் படிக்கவே தொடங்கவில்லை என்றேன். அவர் விடவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே ஊர்ப் பக்கம், உடனே முடிச்சிடுவீங்கன்னுதான், ஜெசிந்தா, உங்ககிட்ட குடுத்தேன்."

ஒரு இடைவெளி

எங்கள் தொழிலில் எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. வாசித்துப் பார்த்துப் பெரிய பிழை எதுவும் கிடைக்காவிட்டால், சின்னதாக ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் படிக்காமலே டிக் போட்டோம் என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே இந்த அடைப்புக்குறிக்குப் பின் ஒரு இடைவெளி விடவும், இந்தப் பெயரைச் சற்று நீட்டவும் என்று எழுதுவோம். இந்த மாதிரிக் குறிப்புகளில் பாதிக்கு மேல் நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்பதற்கான அத்தாட்சிதான்.

முனிராஜின் ஏழு வரியை மூன்று தடவை படித்தேன். கோப்பின் அளவைக் கணக்கிடும் இடத்தில், நான்கு ஜிபிக்கு மேல் போனால் எண் சுற்றிக்கொண்டு மறுபடி சைபரிலிருந்து தொடங்கிவிடும் ஒரு பழைய கணக்கு இருந்தது. அதைப் பெரிய எண்ணாக மாற்றியிருந்தார். சரியான சிந்தனை. பெங்களூர் சோதனைக் கூடத்தில் இருபது கம்ப்யூட்டர்களில் ஓட்டிப் பார்த்து இருபதும் எழுந்திருந்தன. பட்டியல் முழுக்கப் பச்சை. எனக்கு அவர் அப்பாவின் ஞாபகம் வேறு. டிக் போட விரல் போயிற்று, வழக்கப்படி ஒரு இடைவெளி மட்டும் கேட்டுவிட்டு நாளைக்குப் போடலாம் என்று விட்டேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

"வுட்டாச்சுக்கா. வேற எங்கயாச்சும் வுடணுமா, மொத்தமா சொல்லிடுங்க."

பதினொரு விநாடி

மறுநாள், செவ்வாய்க்கிழமை, டிக் போடத்தான் உட்கார்ந்தேன். சோதனைப் பட்டியலில் கடைசிக் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. எழுந்திருக்க எத்தனை விநாடி ஆயிற்று என்று இருக்கும். இருபது கம்ப்யூட்டரும் பதினொரு விநாடிக்குப் பக்கத்தில் எழுந்திருந்தன. நான்கு ஜிபிக்கு மேல் உள்ள கோப்பைச் சிப்பிலிருந்து மெமரிக்கு ஏற்றவே நாற்பது விநாடியாவது வேண்டும். ஏற்றாமல் எப்படி எழுந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. திருத்துவதற்கு முன் ஓட்டிய பட்டியலைத் தேடி எடுத்தேன். அதிலும் இருபதும் பச்சை, அதிலும் பதினொரு விநாடி. வேனில் எழாத பழைய நிரல், கூடத்தில் மட்டும் எழுந்திருக்கிறது.

திருத்தினாலும் பச்சை, திருத்தாவிட்டாலும் பச்சை என்றால், அந்தச் சோதனை எதைச் சோதித்தது என்று முனிராஜிடம் போனில் கேட்டேன். முதலில் பொறுமையாகத்தான் பேசினார். கூடத்து மெஷின்கள் புதிது, வேகமானவை என்றார். அவ்வளவு வேகம் வராது என்றேன். ஒரு வேனைப் பிடித்து ஓட்டிப் பார்க்கலாமா என்றால், சோதித்து முடித்ததை மட்டும் கொண்டுவாருங்கள் என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டாராம். நியாயம்தான், இரண்டு தடவை ஏமாந்தவர். நான் டிக் போட முடியாது என்றபோது அவர் குரல் மாறியது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, அதற்காகப் பதினொரு விநாடி நாற்பதாகிவிடுமா?

"மெதுவா எந்திரிச்சாலும் குத்தம், வேகமா எந்திரிச்சாலும் குத்தமாக்கா? என் பேரு இருக்கறதாலதான் இப்படித் தோண்டறீங்க."

ரஹீம் பாய் கடை

புதன்கிழமை முழுக்க ஏழு வரியையே முறைத்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை காலை, நானே ஓட்டிப் பார்த்துவிடுவது என்று பஸ் ஏறித் தர்மபுரி போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ரஹீம் பாய் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார். என் கல்லூரி நாளிலிருந்து பழக்கம். மெமரி அதிகம் உள்ள மெஷின் ஒன்று வேண்டும் என்றேன். கடையில் அவர் பயன்படுத்துவதையே கொடுத்தார். முனிராஜின் திருத்தத்தோடு கொண்டுபோயிருந்த சிப்பைச் செருகி, பட்டனை அழுத்தினேன். வேனில் வருவதுபோல ரத்தப் பரிசோதனைத் திரை வர வேண்டும். பத்தே விநாடியில், திரையில் பாயின் பேத்தி மஞ்சள் கவுனில் சிரித்துக்கொண்டு வந்தாள். அவருடைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அவருடைய திரையே எழுந்துவிட்டது.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. வர்ச்சுவல் டிஸ்க் கிடைக்காவிட்டால் பூட்லோடர் சத்தமில்லாமல் பக்கத்தில் இருக்கும் நிஜ டிஸ்க்குக்குப் போய்விடுகிறது. பெங்களூர் கூடத்தில் எல்லா மெஷின்களிலும் நிஜ டிஸ்க் இருக்கிறது, அதற்குள்ளும் அதே மென்பொருள் இருக்கிறது. திரை வந்ததா என்று மட்டும் பார்த்துப் பச்சை போட்டுவிட்டார்கள். வேனில் நிஜ டிஸ்க் இல்லை, ஆகவே போக இடமில்லை. சந்தேகம் தீர, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றச் சொல்லி மறுபடி ஓட்டினேன். கறுப்புத் திரை. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதைப் பாய் கவனித்துக்கொண்டே இருந்தார். ஸ்குரூவை மறுபடி முடுக்கினார்.

"டிஸ்க்கப் புடுங்குனா ஓடாதுன்னு போன்லயே சொல்லிருப்பேனேம்மா. இதுக்கா கடத்தூர்ல இருந்து பஸ் ஏறி வந்தீங்க?"

யார் எழுதியது

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அந்தச் சத்தமில்லாத வரியைத் தேடினேன். கிடைத்தது. வர்ச்சுவல் டிஸ்க்கில் பிழை வந்தால் எதுவும் காட்டாதே, அடுத்த டிஸ்க்குக்குப் போ. பக்கத்திலேயே ஒரு குறிப்பு: பயனரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். இரண்டு நாளாக முனிராஜிடம் நான் காட்டாத கோபம் முழுவதும் அந்த வரி மேல் வந்தது. எங்கள் நிரலில் ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார், என்று எழுதினார் என்று பார்க்க வசதி உண்டு. பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன் எழுதப்பட்டது. எழுதியவர் ஜெசிந்தா.

ஆள் இல்லாத நாளில் நானும் ஒன்றிரண்டு வரி எழுதுவதுண்டு. எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. என் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்கு முந்தின நாள். கிளம்பும் அவசரத்தில், யாரோ ஒரு பயனர் திரையில் பிழைச் செய்தி வருகிறது என்று புகார் சொன்னார். பிழையை விட்டுவிட்டு, செய்தியை மட்டும் நிறுத்தினேன். அந்தச் செய்தி திரையில் வந்திருந்தால் முனிராஜுக்கு முதல் நாளே பிழை எங்கே என்று தெரிந்திருக்கும். கடிதமும் வந்திருக்காது. இரண்டு வாரமாக அந்த மனிதர் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடியிருக்கிறார்; கட்டிவிட்டது நான். வெட்கமாக இருந்தது. அதைவிட, பழைய வரி ஒன்று தடையாக இருக்கிறது என்று பெயர் சொல்லாமல் எழுதி முடித்துவிடலாமா என்று ஒரு கால் மணி நேரம் யோசித்தேன், அதுதான் இன்னும் வெட்கம்.

கடைசியில் எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் சிவப்புக் குறி போட்டு எழுதினேன்: சோதனை செல்லாது. பிழையை மறைக்கும் வரி என்னுடையது. முந்தைய இரண்டு திருத்தம் வீணானதற்கும் இதுவே காரணம். அதை அனுப்பிவிட்டு முனிராஜுக்குப் போன் போட்டு, படித்தீர்களா என்று கேட்டேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நியாயமாகத் திட்டியிருக்கலாம். அந்தப் பக்கம் அவர் எதையோ தேடிக்கொண்டிருந்தார், கீபோர்டு சத்தம் கேட்டது.

"அந்த வரிக்கு டிக் போட்டது யாருன்னு பாத்தீங்களாக்கா? நான்தான். நீங்க எழுதுனதுன்னு படிக்காமயே போட்டுட்டேன்."

நாற்பத்து மூன்று விநாடி

என் வரியை எடுத்ததும் திரையில் பிழைச் செய்தி தெளிவாக வந்தது. அளவைக் கணக்கிடும் அதே பழைய கணக்கு இன்னொரு இடத்திலும் இருந்தது. முனிராஜ் அதை அரை மணி நேரத்தில் சரிசெய்தார். ஏழு வரி எட்டு வரியாயிற்று. இந்த முறை கூடத்தில் எல்லா மெஷின்களிலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றச் சொன்னேன். கழற்றுகிறவர் முணுமுணுத்தார், கழற்றினார். இருபதும் எழுந்தன, ஒன்றுகூடப் பதினொரு விநாடியில் எழவில்லை. எட்டு வரியையும் ஒவ்வொன்றாகப் படித்து டிக் போட்டேன். இடைவெளி எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு வேன் மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் நின்றது. முனிராஜ் சிப்பை மாற்றினார், செல்வி பட்டனை அழுத்தினார். நான் கையிலிருந்த செல்போனில் விநாடி எண்ணிக்கொண்டிருந்தேன். கறுப்பாகவே இருந்தது. முப்பதாவது விநாடியில் முனிராஜ் திரும்பி, ஸ்டேஷனில் நின்ற கூட்ஸ் வண்டியைப் பார்க்க ஆரம்பித்தார். நாற்பத்து மூன்றில் திரை வந்தது. முனிராஜ் கூட்ஸ் வண்டியை விட்டுத் திரும்பிப் பார்த்தார். செல்வி முதல் சீட்டை அடித்துக் கிழித்துப் பார்த்தார். மலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டிருந்தது.

"தினமும் இவ்ளோ நேரம் ஆவுங்களா மேடம்? முன்னெல்லாம் சீக்கிரமா வந்துடுமே."

கடிதம்

அடுத்த திங்கட்கிழமை சுதா மேடம் கூப்பிட்டார். முனிராஜின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது, அவருக்குக் கொடுத்த கடிதம் திரும்பப் பெறப்பட்டது என்றார். நல்லது என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவருடைய அப்பாவின் சிகிச்சைக்கு இனி இடைஞ்சல் இல்லை. நான் எல்லோரும் பார்க்க ஒப்புக்கொண்டதை சுதா மேடம் பாராட்டினார். அப்படி எழுதியதால் மேலிடத்துக்கும் தெரிந்துவிட்டது, அதனால் யார் மீதாவது நடவடிக்கை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தமும் அதிகம் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதத்தின் வரைவு வந்து விழுந்தது. திறந்தேன். இன்னொரு முறை இப்படி நடந்தால் உங்கள் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று தொடங்கியது.

"முனிராஜுக்கு எழுதினதேதான், பேரை மட்டும் மாத்தியிருக்கேன். உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது ஜெசிந்தா, ஒரு தடவை படிச்சுப் பார்த்து ஓகே சொல்லிடுங்க, அனுப்பிடறேன்."

படித்தேன், இந்தத் தொழிலுக்கு வந்து பதினான்கு வருடத்தில், திருத்துவதற்கு ஒன்றுமே இல்லாத எழுத்து என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.